இரண்டு சிவப்பு வரிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானியல் பற்றிப் பேச அழைத்தால் கருந்துளையைப் பற்றியோ வேற்றுலக உயிர்களைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச ஆள் இருக்கிறார்கள். நான் இன்று ஒரே ஒரு அளவீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விண்வெளியில் ஒளிரும் ஒரு வாயு மேகத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்குள் எத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கின்றன? இதை எப்படி எண்ணுகிறோம்? அவ்வளவுதான் விஷயம்.

இந்த அரங்கில் நாம் மூச்சுவிடும் காற்றில், ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள மூலக்கூறுகளை எழுத 25 போட்டு, அதன் பின்னால் 18 சுழிகள் போட வேண்டும். ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதியில் அதே கன சென்டிமீட்டருக்குள் சில ஆயிரம் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. மனிதன் பரிசோதனைக்கூடத்தில் பாடுபட்டு உண்டாக்கும் நல்ல வெற்றிடத்தில்கூட லட்சக்கணக்கில் துகள்கள் மிஞ்சிவிடும். அதைவிட வெறுமையான இடத்தைத்தான் மேகம் என்கிறோம். அந்த மேகமோ 1,300 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் கிழக்கு வானத்தைப் பார்த்தால் அந்த இடத்தைக் காணலாம். திருவாதிரை செம்மையாகத் தெரியும். பக்கத்தில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அந்த மூன்றுக்கும் தெற்கே மங்கலாக ஒரு சிறு வரிசை உண்டு. அதன் நடுப்புள்ளி மட்டும் புள்ளியாக இல்லாமல் சற்றே கலங்கித் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. அதன் நடுவில் டிரப்பீசியம் என்ற சூடான இளம் விண்மீன்களின் கூட்டம் இருக்கிறது. அவற்றின் புறஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. நாம் எண்ணப்போவது அந்த எலெக்ட்ரான்களைத்தான்.

பிரகாசத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாதா என்று கேட்கலாம். முடியாது. ஆழமும் அகலமும் உள்ள ஒரு நீர்த்த மேகமும், ஒல்லியான ஒரு செறிந்த மேகமும் நம் கண்ணுக்கு ஒரே பிரகாசத்தில் தெரியக்கூடும். மேகம் நம் பார்வைத் திசையில் எவ்வளவு தடிமன் என்பது தெரியாதவரை பிரகாசம் பாதிச் செய்திதான். வேறு வழி வேண்டும். அந்த வழி திறக்க 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆயின.

முதலில், இவை வாயுதானா என்பதே தெரியாமல் இருந்தது. அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட ராட்சதத் தொலைநோக்கியை 1845இல் நிறுவினார். ஓரியன் நெபுலா அதில் விண்மீன்களாகப் பிரிந்து தெரிவதாக அவர் நம்பினார். எல்லா நெபுலாக்களும் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களே, இன்னும் பெரிய தொலைநோக்கி வந்தால் தெளிந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். லண்டன் புறநகரில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஆய்வகம் வைத்திருந்த வில்லியம் ஹக்கின்ஸ், 1864 ஆகஸ்ட் 29 இரவு, இப்போது பூனைக்கண் நெபுலா என்று அழைக்கப்படும் என்.ஜி.சி. 6543இன் ஒளியை நிறமாலைக் கருவிக்குள் செலுத்திப் பார்த்தார். விண்மீன் என்றால் வானவில் பட்டை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ தனித்து நின்ற ஒளி வரிகள். ஒளிரும் வாயுவிலிருந்துதான் அப்படி வரும். இருபது ஆண்டு விவாதம் ஒரே இரவில் முடிந்தது. ராஸ் பிரபுவின் 72 அங்குலத்தால் தீராததை ஹக்கின்ஸின் 8 அங்குலத் தொலைநோக்கியும் நிறமாலைக் கருவியும் தீர்த்துவைத்தன. பெரிய கருவிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதும் போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆனாலும் விண்ணப்பம் எழுதாமல் விட்டதில்லை.

அந்த வரிகளில் ஒன்று ஹைட்ரஜனுடையது. மற்ற இரண்டு பச்சை வரிகள், 4959, 5007 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருப்பவை, பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. புதிய தனிமம் என்று கருதி நெபுலியம் என்று பெயரிட்டார்கள். அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணமும் இருந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய மதராஸ் மாகாணத்துக் குண்டூரில் வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் பொக்சனும் கவனித்தார்கள். சூரிய விளிம்பின் ஒளியில் அப்போது தென்பட்ட மஞ்சள் வரி ஒன்றுதான் பின்னர் ஹீலியம் என்ற தனிமத்தின் அடையாளமானது. 1895இல் வேதியியலாளர் ராம்சே ஹீலியத்தைப் பூமியிலேயே பிரித்துக் காட்டினார். சூரியனில் ஒன்று கிடைத்தது என்றால் நெபுலாவில் இன்னொன்று கிடைக்கக் கூடாதா? ஆனால் 1920களுக்குள் தனிம அட்டவணை நிறைந்துவிட்டது. லேசான புதிய தனிமம் ஒன்றுக்கு அதில் இடமே இல்லை.

விடை கண்டவர் கலிஃபோர்னியாவில் இருந்த ஐரா போவன். ஆண்டு 1927. நெபுலியம் என்பது மிக நீர்த்த நிலையில் உள்ள சாதாரணத் தனிமமாக இருக்கலாம் என்று ஒரு பாடநூலில் படித்திருந்தார். ஒருநாள் இரவு வீட்டுக்கு வந்து, படுக்கப்போகும் முன் உடை மாற்றிக்கொண்டிருந்தாராம். பாதி மாற்றும்போது ஒரு கேள்வி எழுந்தது: கீழே இறங்கச் சுலபமான வழியில்லாத ஆற்றல் நிலை ஒன்றில் அணு மாட்டிக்கொண்டு, அதைத் தட்டிவிடவும் பக்கத்தில் யாருமில்லை என்றால் என்ன ஆகும்? கழற்றிய உடையைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டார். பச்சை வரிகள் இரண்டும் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுடையவை என்று கணக்கு சொன்னது. நாம் மூச்சில் இழுக்கும் அதே ஆக்சிஜன்தான். அறுபது ஆண்டுகளாகத் தேடப்பட்ட நெபுலியம் அத்தோடு மறைந்தது.

இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். சாதாரணமாகக் கிளர்ச்சியுற்ற அணு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளியை உமிழ்ந்து கீழே இறங்கிவிடும். சில நிலைகள் மட்டும் அப்படியல்ல. குவாண்டம் விதிகள் அவற்றின் இறங்கு வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுகின்றன. இவற்றைச் சிற்றுறுதி நிலைகள் என்று பாடநூல்கள் சொல்லும். நெபுலாவின் பச்சை ஒளியைத் தரும் ஆக்சிஜன் அயனி ஏறத்தாழ அரை நிமிடம் காத்திருக்கும். ஒற்றை எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜனில் ஒரு நிலை ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும். இந்த அரங்கின் காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகிறது. அங்கே ஏழு மணி நேரம் என்ன, ஏழு மைக்ரோநொடிகூட யாரும் சும்மா நிற்க முடியாது. மோதலிலேயே ஆற்றல் பறிபோய்விடும். அதனால்தான் இந்த வரிகளைப் பூமியில் எவரும் பார்த்திருக்கவில்லை. நெபுலாவில் பார்க்க முடிகிறது என்பதே, அங்கே மோதல்கள் அரிது என்பதற்குச் சாட்சி. அடர்த்தியை அளக்கும் கருவி அந்தச் சாட்சிக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது தலைப்பில் உள்ள இரண்டு சிவப்பு வரிகளுக்கு வருகிறேன். ஓர் எலெக்ட்ரானை இழந்த கந்தகம் 6716 ஆங்ஸ்ட்ராமிலும் 6731 ஆங்ஸ்ட்ராமிலும் ஒளி உமிழ்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டிய இரண்டு மேல்நிலைகளிலிருந்து ஒரே தரைநிலைக்கு இறங்குபவை. முதல் நிலையில் இருக்கும் அயனி இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது இருபது நிமிடத்தை ஒட்டி இறங்கிவிடும்.

ஒரு கூட்டுரோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே இரண்டு பேருந்து நிறுத்தங்கள். ஒன்றில் மணிக்கு ஒரு முறை கிராமத்துப் பேருந்து வரும். மற்றதில் இருபது நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ். பயணிகளைக் கொண்டுவந்து இறக்குவது ஷேர் ஆட்டோக்கள். பத்துப் பேரில் ஆறு பேரைக் கிராமத்து நிறுத்தத்திலும் நாலு பேரை டவுன் நிறுத்தத்திலும் இறக்குகின்றன. போகும்போது, அங்கே நின்று அலுத்துப்போனவர்களை ஏற்றிக்கொண்டும் போய்விடுகின்றன. ஷேர் ஆட்டோ அபூர்வம் என்றால், இறங்கிய எல்லோரும் பொறுமையாக நின்று பேருந்தில்தான் ஏறுவார்கள். கிராமத்து நடத்துநர் கிழித்த டிக்கெட்டுக்கும் டவுன் பஸ் நடத்துநர் கிழித்த டிக்கெட்டுக்கும் விகிதம் 6க்கு 4, அதாவது 1.5. ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டி வந்தால் என்ன ஆகும்? நிறுத்தங்களில் எப்போதும் ஆறுக்கு நாலு என்று ஆள் நிற்கும், ஆனால் ஏற்றுவதும் இறக்குவதும் ஓயாது. மணிக்கொரு முறை வரும் பேருந்துக்குக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோரை ஆட்டோ கொத்திக்கொண்டு போயிருக்கும். டவுன் பஸ்ஸுக்கு அவ்வளவு நட்டமில்லை. டிக்கெட் விகிதம் சரிந்து 0.5க்கு வந்து நிற்கும். ஆட்டோவையே பார்க்காத ஒருவர், இரண்டு நடத்துநர்களின் டிக்கெட் கட்டை மட்டும் வாங்கிப் பார்த்து, அந்த ரோட்டில் ஆட்டோ எவ்வளவு அடிக்கடி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஷேர் ஆட்டோ என்பது எலெக்ட்ரான். டிக்கெட் என்பது ஃபோட்டான். கந்தக அயனியின் இரண்டு நிலைகளுக்கும் குவாண்டம் விதி தரும் எடை உண்மையிலேயே 6, 4தான். காத்திருப்பு நேரங்கள் மட்டும் உவமையிலிருந்து சற்றே வேறுபடுவதால், கந்தகத்தின் விகிதம் 0.44 வரை இறங்கும்.

கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,500 எலெக்ட்ரான்கள் உள்ள இடத்தில், முதல் நிலையிலுள்ள கந்தக அயனிக்கு அதன் பொறுமை தீரும் நேரத்தில் ஒரு மோதல் வந்துசேர்கிறது. போட்டி சமநிலையில் இருப்பது அங்கேதான். அதற்கு இருபுறமும் விகிதம் நன்றாக மாறுகிறது: 100 எலெக்ட்ரான் என்றால் ஏறத்தாழ 1.37, ஆயிரம் என்றால் 0.9ஐ ஒட்டி, ஐயாயிரம் என்றால் 0.6க்கும் கொஞ்சம் கீழே.

இந்த முறையின் அழகு, நமக்குத் தெரியாதவை எல்லாம் கணக்கிலிருந்து தாமாகக் கழன்றுவிடுவதில் இருக்கிறது. நெபுலாவில் கந்தகம் எவ்வளவு என்று தெரியாதா? பரவாயில்லை, இரண்டு வரியும் ஒரே அயனியுடையவை. தொலைவு தெரியாதா? இரண்டுக்கும் ஒன்றுதான். இடையிலுள்ள தூசு ஒளியை மங்கச் செய்கிறதா? 14 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இரண்டையும் ஒரேபோல்தான் மங்கச் செய்யும். வெப்பநிலை? இரண்டு நிலைகளின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அதன் செல்வாக்கும் சிறிது. கடைசியில் மிஞ்சுவது அடர்த்தி ஒன்றுதான். வானியலில் இப்படி ஒரு சுத்தமான அளவீடு கிடைப்பது அரிது.

1950களில் இதே கணக்கை ஆக்சிஜனின் 3726, 3729 இரட்டை வரிகளுக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் மைக்கேல் சீட்டனும் டொனால்ட் ஆஸ்டர்பிராக்கும். 1959இல் ஆஸ்டர்பிராக்கும் எடித் ஃபிளாதரும் ஓரியன் நெபுலாவை நடுவிலிருந்து விளிம்புவரை இடம் இடமாக அளந்தார்கள். டிரப்பீசியம் அருகே கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல், வெளியே போகப் போக நூறுகள் என்று அடர்த்தி சரிந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். சிக்கல் அடுத்த படியில் வந்தது. மேகத்தின் மொத்த உமிழ்வு அடர்த்தியின் இருமடியைச் சார்ந்தது. ஒரு எலெக்ட்ரானும் ஒரு அயனியும் சந்தித்தால்தானே ஒளி? தாங்கள் கண்ட அடர்த்தியில் மேகம் முழுவதும் நிரம்பியிருந்தால் எவ்வளவு ரேடியோ அலை வர வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் வந்ததோடு ஒப்பிட்டார்கள். வந்தது மிகக் குறைவு. வாயு மேகம் முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை, கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வழியில்லை. அடர்ந்த கொத்துகள் மொத்தக் கனஅளவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கைத்தான் நிரப்புகின்றன என்று முடிவுகட்டினார்கள். இன்று ஹபிள் படங்களில் ஓரியனின் முறுக்கும் திரளும் எல்லோருக்கும் தெரிகின்றன. படம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு வரிகளின் விகிதம் அதைச் சொல்லியிருந்தது.

ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. 'இந்த நெபுலாவின் அடர்த்தி இவ்வளவு' என்று ஒற்றை எண்ணைக் கட்டுரையில் எழுதினால் அது அரைகுறைச் செய்தி. எந்த அயனியை வைத்து அளந்தீர்கள் என்று சேர்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு அயனிக்கும் அதன் பொறுமைக்கு ஏற்ப ஒரு வேலை எல்லை இருக்கிறது. கந்தக வரிகள் நூறிலிருந்து பத்தாயிரம் வரைக்கும்தான் நம்பகமானவை. என்.ஜி.சி. 7027 என்ற இளம் கோள் நெபுலாவில் பல பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே கந்தக விகிதம் தரையைத் தொட்டு நின்றுவிடும். மூன்று எலெக்ட்ரான்களை இழந்த ஆர்கானின் வரிகளைத்தான் நாட வேண்டும். வயதாகி விரிந்துபோன ஹெலிக்ஸ் நெபுலாவில் நேர்மாறு. அங்கே விகிதம் 1.4ஐ ஒட்டியே நிற்கும். அந்த இடத்தில் அளவீட்டில் வெறும் மூன்று சதவீதப் பிழை வந்தாலும், அடர்த்தி நூறா, பத்தா என்று சொல்ல முடியாது. அகச்சிவப்பில் 52, 88 மைக்ரான் ஆக்சிஜன் வரிகளுக்குப் போனால்தான் அந்தப் பக்கம் விடிவு. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கொத்துக் கொத்தான மேகத்தில் ஒவ்வொரு அயனியும் தனக்கு வசதியான கொத்திலிருந்துதான் அதிகம் ஒளிரும். ஆகவே ஒரே மேகத்தை நாலு அயனிகளால் அளந்தால் நாலு விடை வரும். அதில் மூன்று தவறு என்று எண்ணிவிடாதீர்கள். நாலும் அந்தந்த இடத்துக்குச் சரியாக இருக்கலாம்.

வரி இல்லாமல் போவதும் ஒரு அளவீடுதான். சில விண்மீன் மண்டலங்களின் மையத்தில், பெரும் கருந்துளைக்கு அருகே, நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வாயு சுழல்கிறது. அதன் ஹைட்ரஜன் வரிகள் அகன்று பரந்து தெரிகின்றன. ஆனால் அந்த அகலத்தோடு 5007 வரி வருவதே இல்லை. ஆக்சிஜனின் அரை நிமிடப் பொறுமைக்குக்கூட அங்கே இடமில்லை. அப்படியானால் கன சென்டிமீட்டருக்குக் குறைந்தது பத்துக் கோடி எலெக்ட்ரான்களாவது இருக்க வேண்டும்.

மறுமுனையில், மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களிலும் இப்போது இதே வேலை நடக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் அவற்றின் வரிகள் அகச்சிவப்புக்கு நகர்ந்து வருகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அவற்றைப் பிடிக்கிறது. நம் அண்டையிலுள்ள சாதாரண மண்டலங்களில் விண்மீன் பிறக்கும் மேகங்களின் அடர்த்தி சில பத்துகளில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மண்டலங்களில் அது இருநூறு முந்நூறாக உயர்ந்திருந்தது. அதற்கும் முன்னால் போனால் இன்னும் ஏறுகிறது. அன்றைய மண்டலங்கள் சிறியவை, அவற்றுக்குள் வாயு நெருக்கியடித்துக் கிடந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

மாணவர்களுக்கும், குறிப்பாக இங்கே வந்திருக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதைச் செய்ய ஜேம்ஸ் வெப் வேண்டாம், காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் வேண்டாம். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் 20, 30 சென்டிமீட்டர் தொலைநோக்கிகள் பீரோவுக்குள் உறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் முனையில் பிரிதிறன் ஆயிரத்துக்குக் குறையாத சிறு நிறமாலைமானி ஒன்றைப் பொருத்தினால் போதும், 14 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி தெளிவாகப் பிரியும். ஆக்சிஜன் இரட்டைக்குப் போக வேண்டாம். அதன் இடைவெளி மூன்று ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை, அதோடு அது இருப்பது புறஊதாவின் ஓரத்தில். ஓரியன் நெபுலாவைப் பிடியுங்கள். 6563இல் ஹைட்ரஜன் வரி கண்ணைப் பறிக்கும். அதன் வலப்பக்கம் 6584இல் நைட்ரஜன், 6678இல் ஹீலியம், அதைத் தாண்டினால் நம் இரட்டையர் மங்கலாக நிற்பார்கள். அலைநீளத்தைச் சரிபார்க்க நியான் விளக்கைப் பயன்படுத்துவீர்கள். நியானுக்கும் 6717இல் ஒரு வரி உண்டு. அந்த ஒளி படத்துக்குள் கசிந்தால் கந்தகத்தின் முதல் வரி உண்மையைவிடப் பிரகாசமாகத் தெரிந்து உங்களை ஏமாற்றிவிடும். எனவே நியானைத் தனியாக எடுங்கள். பின்னணி வானொளியைக் கழித்துவிட்டு, உச்சியின் உயரத்தை எடுக்காமல் வரியின் கீழுள்ள பரப்பளவைக் கணக்கிடுங்கள். டிரப்பீசியம் அருகே ஒரு முறை, சற்றுத் தள்ளி ஒரு முறை. இரண்டு விகிதங்களும் வேறுபட வேண்டும்.

வருகிற மார்கழியில் வானம் தெளிந்ததும் தொடங்கிவிடுங்கள். எந்தக் கல்லூரி மாணவர்கள் முதலில் அந்த இரண்டு வரிகளையும் பிரித்து, விகிதத்தைப் பிழை அளவோடு எழுதி அனுப்புகிறார்களோ, அந்தக் கல்லூரிக்கு என் சொந்தச் செலவில் வந்து உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.